காயிதே மில்லத் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது எப்படி?

கையில் இருக்கும் பேச்சை எடுத்து, அதிலுள்ள அடைமொழிகளை முதலில் அடித்துவிடுங்கள். 'எளிமையின் சிகரம்', 'நேர்மையின் இலக்கணம்', 'ஒற்றுமையின் ஒளிவிளக்கு' எல்லாவற்றையும். என்ன மிஞ்சுகிறது? பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் பிறந்த தேதியும் இறந்த தேதியும்தான் மிஞ்சும். 'கண்ணியத்திற்குரிய' என்பதை மட்டும் ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் பெயரோடு ஒட்டிப்போன சொல். எடுத்தால் கூட்டத்தில் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அடுத்து ஒரு தாளில் ஆண்டுகளை எழுதுங்கள். 1896 ஜூன் 5, திருநெல்வேலிப் பேட்டையில் முஹம்மது இஸ்மாயில் பிறப்பு; 'காயிதே மில்லத்' என்று பின்னாளில் அழைக்கப்பட்ட முஸ்லிம் லீக் தலைவர் இவர்தான். பிறகு சென்னை, தோல் வணிகம். 1946 முதல் 1952 வரை சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அந்தக் காலத்திலேயே, நாட்டின் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை. 1962, 1967, 1971 மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மலபாரிலுள்ள மஞ்சேரி மக்களவைத் தொகுதியில் வெற்றி. 1972 ஏப்ரல் 5-இல் மறைவு, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம். இதைப் பேசுவதற்காக எழுதவில்லை, நாம் தடுமாறாமல் இருப்பதற்காக எழுதுகிறோம். மேடையில் இதில் பாதியைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தாளில் 1947 டிசம்பர், 1948 மார்ச் இரண்டையும் சேர்த்து, கீழே அழுத்தமாகக் கோடு போடுங்கள். நாடு பிரிந்த பிறகு, 1947 டிசம்பரில் முஸ்லிம் லீக் கவுன்சில் கராச்சியில் கூடி, கட்சியையும் இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர், இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில். யோசித்துப் பாருங்கள், பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். லீக் என்ற பெயரைச் சொன்னாலே சந்தேகமாகப் பார்ப்பார்கள். வடக்கே லீக்காரர்கள் பலர் காங்கிரஸில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இப்போது ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தில் கூடி, கட்சியைக் கலைப்பதில்லை, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்காகத் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். 'நாங்கள் இந்த நாட்டின் குடிமக்கள், எங்கள் அமைப்போடுதான் இருப்போம்' என்பதே அதன் பொருள். பேச்சின் முதல் திருப்பம் இங்கேதான் வர வேண்டும். பிறப்பு, படிப்பு, திருமணம் என்று வரிசையாக வந்தால் இந்த இடத்தை அடையும் முன்பே மணி அடித்துவிடுவார்கள்.

இப்போது படிக்கும் வேலை. நினைவு மலர்களை ஒதுக்கி வைத்துவிட்டு அரசியல் நிர்ணய சபை விவாதங்களை எடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தேதி வாரியாக இருப்பதால் தேடுவது எளிது. ஏழாம் தொகுதியில் 1948 நவம்பர் 23, எட்டாம் தொகுதியில் 1949 மே 25, 26, ஒன்பதாம் தொகுதியில் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை. ஆங்கில ஆவணத்தில் அவர் பெயரின் எழுத்துக்கூட்டு ஒரே மாதிரி இருக்காது. ஒரு எழுத்துக்கூட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல், தேதியைத் திறந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். இன்னொன்று, பி. போக்கர் சாகிப் என்ற லீக் உறுப்பினரும் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்தான். 1947 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி (முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டும் ஓட்டுப் போடும் முறை) கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் வைத்துவிடாதீர்கள்.

நவம்பர் 23-ஐ எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டுகிறேன். நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'டில்லி. 1948 நவம்பர் 23. நாடு முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் என்ற பிரிவு சபைக்கு வருகிறது. சென்னையிலிருந்து போன உறுப்பினர் எழுந்து ஒரு திருத்தம் கேட்கிறார். தனக்கென்று தனிச் சட்டம் உள்ள எந்தப் பிரிவினரும் அதைக் கைவிட வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்கிறார். தன் சமுதாயத்துக்கு மட்டும் அவர் கேட்கவில்லை. எல்லாச் சமுதாயத்துக்கும் கேட்டார்.'

இங்கே நிறுத்தி மூச்சு விடுங்கள். அப்புறம், எதிர்த்தரப்பையும் சொல்லுங்கள். சபை உறுப்பினர்களான அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் எதிர்த்துப் பேசினார், கே.எம். முன்ஷி எதிர்த்தார். அம்பேத்கர் பதில் சொல்லும்போது, மலபாரில் முஸ்லிம்கள் பலரும்கூட, தாய்வழியில் சொத்து போகும் மருமக்கத்தாயத்தைத்தான் பின்பற்றினார்கள், எல்லா இடத்திலும் ஒரே ஷரீஅத் இருந்ததாகச் சொல்ல முடியாது என்று எடுத்துக்காட்டினார். திருத்தம் தோற்றது. எதிராளி வலுவாகப் பேசினார் என்று சொல்வதால் நம் தலைவர் சிறுத்துப் போக மாட்டார். அம்பேத்கர் எதிரே நின்று வாதாடியவர் என்பது சின்ன விஷயமா?

சிக்கலான இடம் 1949 மே. பலர் இதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் விவரம் தெரிந்த நடுவர் கேட்பது இதைத்தான்: 'தனி வாக்காளர் தொகுதி கேட்டவரை எப்படி ஐயா நல்லிணக்கத் தலைவர் என்கிறீர்கள்?' பதில் தயாராக இருக்க வேண்டும். அதற்கு முதலில் இட ஒதுக்கீடு, தனி வாக்காளர் தொகுதி என்ற இரண்டு ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். இட ஒதுக்கீட்டில் வேட்பாளர் முஸ்லிம், ஓட்டுப் போடுவது எல்லோரும். 1909 முதல் நடப்பில் இருந்த தனி வாக்காளர் தொகுதியில் வேட்பாளரும் முஸ்லிம், வாக்காளரும் முஸ்லிம். சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை எடுத்துவிடலாம் என்று பட்டேல் தலைமையிலான குழு பரிந்துரைத்தபோது, ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் தொடர வேண்டும் என்று இஸ்மாயில் திருத்தம் கொண்டுவந்தார். நம்மைப் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்பவரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. முஸ்லிம் உறுப்பினர்களே ஒருமித்து நிற்கவில்லை. பேகம் ஐஜாஸ் ரசூல், தஜாமுல் ஹுசைன் போன்றோர் ஒதுக்கீடே வேண்டாம் என்றார்கள், அது சிறுபான்மையினரைத் தனிமைப்படுத்திவிடும் என்பது அவர்கள் பயம். பட்டேலின் பதிலையும் படியுங்கள். அந்தத் திருத்தமும் தோற்றது.

என் கருத்தைச் சொல்கிறேன், நீங்கள் ஏற்க வேண்டும் என்றில்லை. தனி வாக்காளர் தொகுதி போனது நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தோற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியம். எல்லோரும் ஓட்டுப் போடும் தேர்தலை ஏற்றுக்கொண்டு, அதற்குள்ளேயே கட்சியை நடத்தினார். எல்லோருடைய ஓட்டும் வேண்டுமென்றால் மற்றவர்களோடு கை கோக்க வேண்டும். 1960-இல் கேரளத்தில் லீக் காங்கிரஸோடு நின்று வென்றது, மந்திரி பதவி கிடைக்கவில்லை, சபாநாயகர் பதவிதான் கிடைத்தது. 1967-இல் அதே கேரளத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் லீக்கிலிருந்து இரண்டு அமைச்சர்கள். அதே ஆண்டு இங்கே அண்ணாவோடும் ராஜாஜியோடும் ஒரே கூட்டணி. நாத்திகர் வளர்த்த இயக்கம் ஒரு பக்கம், ராஜாஜி ஒரு பக்கம், நடுவில் தொழுகை தவறாத ஒரு மனிதர். சகவாழ்வு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அதைக் காட்டிவிடலாம், இந்தக் காட்சி போதும். கேரளத்தில் தொடர்ந்து வெல்ல வைத்தது மலபார், வென்றவர் பேட்டைக்காரர் என்பதையும் இங்கேயே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

கதைகள் விஷயத்தில் ஜாக்கிரதை. 1962 சீனப் போரின்போது தன் மகனை ராணுவத்துக்குத் தருவதாக அவர் நேருவுக்கு எழுதினார் என்பது மேடைதோறும் கேட்கும் கதை. 'சொல்வார்கள்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். கடிதத்தில் இல்லாத வசனத்தை நீங்களாக எழுதி, நேருவின் கண்ணில் தண்ணீர் வரவழைக்காதீர்கள். தமிழை ஆட்சிமொழியாக்கச் சொன்னார் என்ற வரியும் அப்படித்தான். 1949 செப்டம்பர் விவாதத்தில் அவர் பேச்சை முழுதாகப் படித்துவிட்டு, அதில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. 'காயிதே ஆஸம்' ஜின்னா, 'காயிதே மில்லத்' இஸ்மாயில். பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சை நிமிர்த்தவே முடியாது. அவர் பெயரில் உள்ள கல்லூரி, சாலை என்று பட்டியல் போட வேண்டாம். வேண்டுமானால் நாகை 1991 முதல் 1997 வரை காயிதே மில்லத் மாவட்டமாக இருந்ததையும், பிறகு எல்லா மாவட்டங்களிலும் தலைவர்களின் பெயர் எடுக்கப்பட்டபோது அதுவும் போனதையும் சொல்லலாம். ஷரீஅத், மருமக்கத்தாயம், ஐஜாஸ் ரசூல் போன்ற சொற்களை உரக்கச் சொல்லிப் பழகுங்கள், நாக்கு இடறுவது அங்கேதான்.

எழுதி முடித்ததும் கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படியுங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் முதலில் வெட்ட வேண்டியது பிறப்பும் படிப்பும். அதன் பிறகும் தாண்டினால் நாகை மாவட்டத்தை எடுத்துவிடுங்கள். 1949 மே மாதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.