நியூராலஜி போஸ்டிங்குக்குப் புத்தகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ மாணவர்கள் நரம்பியல் வார்டில் சில வாரம் பயிற்சி பெறும் நியூராலஜி போஸ்டிங் நெருங்கும்போது "ஒன்றுமே தெரியாதே" என்ற பயம் பலருக்கும் வரும். அந்தப் பயத்தில் இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை வாங்கிவிடுகிறார்கள். ஆயிரம் பக்கம் தாண்டும் நூல்கள் நல்லவைதான், ஆனால் சந்தேகம் வந்தபின் புரட்டிப் பார்க்க வேண்டியவை. சில வார போஸ்டிங்கில் அவற்றை முதல் பக்கத்திலிருந்து படித்து முடிக்க முடியாது. நூலகத்தில் இருந்தால் போதும்.

என் பார்வையில் இதைவிடப் பெரிய தவறு, நோய்களை வரிசையாகச் சொல்லும் புத்தகத்தை மட்டும் நம்புவது. நோயாளி நோயின் பெயரோடு வருவதில்லை. "பாதத்தைத் தூக்க முடியவில்லை, நடந்தால் இடறுகிறது" என்றுதான் வருவார். கோளாறு மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பு வேரிலா, நரம்பிலா, தசையிலா என்று இடத்தைப் பிடிப்பதுதான் முதல் வேலை. என்ன நோய் என்பது அப்புறம்.

அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் ஃபுட் டிராப் (பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது) பகுதியைத் திறந்து பாருங்கள். காரணங்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறதா, அல்லது பாதத்தை உட்புறமாகத் திருப்பச் சொல்லிச் சோதிக்கச் சொல்கிறதா? முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் இருக்கும் ஃபிபுலா எலும்பின் தலைப்பகுதியில், பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் பெரோனியல் நரம்பு மட்டும் அழுந்தியிருந்தால், பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிய நிலையில் உட்புறம் திருப்பும் வலு குறையாது. அந்த வேலையைச் செய்யும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைக்கு டிபியல் நரம்பிலிருந்து கிளை வருகிறது. எல்5 வேரில் (கீழ்முதுகில் தண்டுவடத்திலிருந்து வரும் ஐந்தாவது இடுப்பு நரம்பு வேர்) கோளாறு என்றால் அந்த அசைவும் தளர்ந்துபோகும், ஏனென்றால் இரண்டு நரம்புகளிலும் எல்5 இழைகள் ஓடுகின்றன. ஒரே ஒரு அசைவு, இடம் தெரிந்துவிடுகிறது! இந்த "ஏன்" எழுதப்பட்டிருக்கும் புத்தகத்தைத் தயங்காமல் வாங்குங்கள், அது மெலிதாக இருந்தாலும் சரி.

சீனியர் கொடுத்த பழைய பதிப்பு? உடற்கூறுக்கும் பரிசோதனை முறைக்கும் தாராளமாகப் பயன்படும். சிகிச்சைக்கு வேண்டாம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க 1995 ஆய்வு காட்டிய கால அளவு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 3 மணி நேரம். 2008-இல் அது 4.5 மணி நேரமானது. 2015-இல் வெளியான ஆய்வுகள் பெரிய ரத்தக்குழாய் அடைப்பில் கட்டியைக் குழாய் வழியாக எடுப்பதன் பலனை நிறுவின. 2018-இல் தேர்ந்தெடுத்த சிலருக்கு அந்த வாய்ப்பு 24 மணி நேரம் வரை நீண்டது. பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் ஸ்ட்ரோக் அத்தியாயத்தைப் படித்தால், காலாவதியான சிகிச்சையை மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள்.

நியூரோஅனாட்டமியை (நரம்பு மண்டல உடற்கூறை) முழுதாகத் திரும்பப் படிக்கத் தனி நூல் வாங்குவதும் அவசியமில்லை. முக்கிய நரம்புப் பாதைகள் எங்கே இடம் வலமாகப் பக்கம் மாறுகின்றன, கபால நரம்புகள் மூளைத்தண்டின் எந்த மட்டத்திலிருந்து வருகின்றன, இவ்வளவு போதும்.

ரிஃப்ளெக்ஸ் (சுத்தியலால் தட்டினால் தானாக வரும் அசைவு) பார்ப்பது எழுத்தில் மட்டும் புரியாது. படங்கள் உள்ள, வார்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய சிறிய பரிசோதனைக் கையேடு ஒன்று வேண்டும். காசு கொடுக்கும் முன் ஒரு மாலை நூலகத்தில் உட்கார்ந்து, முகவாதம் பகுதியை மூன்று நூல்களில் படித்துப் பாருங்கள். செயலிழந்த பக்கத்திலும் நெற்றி சுருங்கினால் ஏன் மூளையைச் சந்தேகிக்க வேண்டும் என்று எது உங்களுக்குப் புரியவைக்கிறதோ, அதை வாங்குங்கள்.