வன்னியில் மரக்காணி வாங்க எண்ணுவோருக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்குப் போகும்போது யாழ்ப்பாண நகரை அண்டிய காணிகளின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், அந்தப் பணத்துக்கு முல்லைத்தீவுப் பக்கமோ வவுனியா வடக்கிலோ மரங்களோடு நாலைந்து ஏக்கர் வாங்கிவிடலாமே என்று நினைப்பவர்கள் பலர். ஒரு மூலையில் சிறிய கொட்டில் போட்டுப் பிள்ளைகளோடு வந்து தங்கலாம், மிச்சத்தில் தேக்கு நின்று வளரட்டும் என்பது அவர்கள் கணக்கு. அதில் பிழையில்லை. ஆயினும், காடு நிற்கும் காணி விலைக்கு வருகிறது என்றால், மரத்தின் பருமனைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன்னர் அந்தக் காடு யாருடையது என்பதைக் கடதாசியில் அறிந்துகொள்ள வேண்டும். இலங்கையின் நிலத்தில் நூற்றுக்கு எண்பது வீதத்துக்கு மேற்பட்டது அரசுக்குரியது. வன்னிக் காட்டின் பெரும்பகுதியும் அதற்குள்தான் அடங்குகிறது.

அதற்கும் முந்திய கேள்வி உங்களைப் பற்றியது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் இலங்கையில் காணியை விலைக்கு வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. மற்றவர்கள் நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ முதுசமாகவோ பெறலாம், அல்லது 99 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். ஊரிலுள்ள தம்பியின் பெயரில் எழுதிவிடுவோம் என்பது பலரும் எடுக்கும் குறுக்குவழி. சட்டத்தின் கண்ணில் அப்போது தம்பிதான் உரிமையாளர், அவருக்குப் பின் அவருடைய மனைவி பிள்ளைகள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகள் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. சனங்கள் இவற்றைப் பெர்மிற் காணி என்பார்கள். பெர்மிற்றும் உறுதி மாதிரித்தான் என்று தரகர் சொல்வார்; அப்படியல்ல. பெர்மிற்றுக்கு அடுத்த படியாக அரசு வழங்கும் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. வெள்ளைத் தாளில் சாட்சி வைத்து எழுதிய உடன்படிக்கைக்குக் கொடுத்த பணம் போனதுதான். உறுதிக் காணி என்றால், நொத்தாரிசு ஒருவர் மூலம் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குத் தேடிப் பார்க்க வேண்டும். அந்த நொத்தாரிசு விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. போரில் ஆவணங்கள் அழிந்த இடங்களில் இந்தத் தேடல் இழுபடும் என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னரே அதைத் தொடங்கிவிடுவது நல்லது. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பங்குக்காணியாயின், முதலில் வாங்கும் உரிமை பங்காளிகளுக்கு உண்டு. விற்பவர் அதே வழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணாயின், கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவைப்படும்.

உறுதி சுத்தமாக இருந்தும் காணி கைக்கு வராமல் போவதுண்டு. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுப் போன தோட்டங்கள் இருபது முப்பது ஆண்டுகளில் பற்றையாகிக் காடாகிவிட்டன. மீளத் திரும்பியவர்கள் அங்கே வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்களைக் கண்ட கதைகள் வன்னியெங்கும் உண்டு. எனவே, அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளை ஜிபிஎஸ் ஆள்கூறுகளோடு அளப்பித்து, அந்த வரைபடத்தைப் பிரதேச செயலகத்திலும் வனவளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் காட்டி, காணி அரசு ஒதுக்கிய காட்டுக்குள் அகப்படவில்லை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். சுண்டிக்குளம், மடு வீதி ஆகியவற்றை அண்டிய காணியாயின், அவை 2015 இல் தேசிய பூங்காக்களாக்கப்பட்டவை என்பதால், வனசீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சில் கிராம அலுவலர் சொல்வது வழிகாட்டலுக்கு உதவும், வழக்குக்கு உதவாது.

இவ்வளவும் தேறினால் மரத்தைப் பார்க்கலாம். தரகர் மரங்களை எண்ணிக்கையில் சொல்வார்; விலை போவதோ கன அடியில். ஒரு நாடாவை எடுத்துச் சென்று, நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து, அதில் நாலிலொன்றை அதே எண்ணால் பெருக்கி, நேரான தண்டின் நீளத்தாலும் பெருக்கினால் தோராயக் கணக்கு வந்துவிடும். சுற்றளவு 36 அங்குலம், தண்டு 10 அடி என்றால், ஒன்பதை ஒன்பதால் பெருக்க 81 சதுர அங்குலம். அதை 144 ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 5.6 கன அடி. இதிலும் பட்டையும் வெளிமரமும் போக, வைரம் பாய்ந்த பகுதிதான் காசு. மேலே போகப் போகத் தண்டு ஒடுங்குவதையும் கழிக்க வேண்டும். இடையிடையே சில மரங்களை வெட்டி ஐதாக்காமல், நெருக்கி வளர்ந்த தேக்கு உயரமாக நிற்கும், ஆனால் சுற்றளவு இராது. ஆயிரம் தேக்கு என்று விற்கப்படுபவற்றுள் பல அந்த வகை. தானாக வளர்ந்த பாலை, வீரை, முதிரை ஆகியவை மிக மெதுவாகப் பருப்பவை. அவற்றை வருமானமாகக் கணக்கிடாமல் நிழலாக விட்டுவைப்பதே புத்தி.

வெட்டுவதற்கும் விதிகள் உண்டு. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தேக்குப் போன்ற மரங்களை லொறியில் ஏற்றுவதற்கு முன் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும். இல்லையேல் வழிச்சோதனையில் மரத்தோடு வாகனமும் மறிக்கப்படும்.

தங்கிப் பொழுதுபோக்குவதற்கு என்றால், முதலில் மிதிவெடி. முகமாலை போன்ற பெயர்பெற்ற இடங்களில் மட்டும் அது இருந்தது என்று நினைக்க வேண்டாம். கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடி செயற்பாட்டு அலுவலகத்தில் காணியின் ஆள்கூறுகளைக் கொடுத்து விசாரிக்கும் வரை, சனங்கள் வழமையாகப் போய்வரும் பாதையை விட்டு விலகிப் பிள்ளைகளை நடக்கவிடக் கூடாது. அடுத்தது தண்ணீரும் பாதையும். ஆவணியில் போகிறவர் நல்ல பாதையையும் வற்றிய கிணற்றையும் காண்பார். மார்கழியில் போகிறவர் நிறைந்த குளத்தையும் மூழ்கிய பாதையையும் காண்பார். ஒரு பருவத்தில் பார்த்தவர் மற்றப் பருவத்துப் படங்களை அயலவரிடம் கேட்டு வாங்க வேண்டும். குளக்கரையை ஒட்டிய ஒதுக்கீட்டுக்குள் வேலி போட முடியாது என்பதையும், யானை வரும் வழியில் மின்வேலிக்குச் செலவு உண்டு என்பதையும் விலை பேசும்போதே நினைவிற் கொள்க.

பணத்தை, வெளிநாட்டிலிருப்பவர் இலங்கையில் முதலிடுவதற்கென வங்கியில் திறக்கும் உட்புற முதலீட்டுக் கணக்கினூடாக (Inward Investment Account) அனுப்பினால்தான், பின்னர் விற்ற பணத்தை வெளியே கொண்டுபோக வழியிருக்கும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் ஆகும்.

வாங்கிய பின் காணியைப் பார்க்க ஒருவரை வைப்பீர்களானால், அவர் உங்கள் அனுமதியோடு, இன்ன சம்பளத்துக்கு இருக்கிறார் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். உறவினராயினும் இந்தக் கடதாசி வேண்டும். சம்பளப் பற்றுச்சீட்டுகளின் பிரதியையும் வரிப் பற்றுச்சீட்டுகளையும் உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.