வரைவதற்கு முன் குரல்: நகைச்சுவை அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் குடியாத்தத்திலிருந்து இரண்டு மாணவர்கள் மடிக்கணினியுடன் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு மாதம் உழைத்து வரைந்த நாற்பது விநாடிக் காட்சியை ஓடவிட்டுக் காட்டினார்கள். மாமியார் ஒருவர் புது மிக்சியை முதன்முறையாக இயக்கிப் பார்க்கும் காட்சி அது. கோடுகள் தெளிவாக இருந்தன, வண்ணம் கண்ணை உறுத்தவில்லை, மாமியாரின் முந்தானைகூடச் சரியாக அசைந்தது. வாய் மட்டும் ஓசையில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. “குரல் எங்கே?” என்று கேட்டேன். “அத அப்புறம் சேத்துக்கலாம்ணா” என்றார் மூத்தவர்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதையேதான் சொன்னேன். அந்த “அப்புறம்” எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதை அவர்களிடம் விரிவாகச் சொன்னேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கோப்பைச் சேமிக்க மறப்பது, லேயர்களுக்குப் பெயர் வைக்காமல் விடுவது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகவே சரியாகிவிடும். பட்ட பிறகும் எங்கே பட்டது என்று தெரியாமல் இருக்கும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

விலையுயர்ந்த மென்பொருளுக்காகக் காத்திருப்பது

பிளெண்டர், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் ஆகிய மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன, இன்றைக்கே தொடங்கலாம்.

குரலைப் பதிவு செய்வதற்கு முன் வரையத் தொடங்குவது

என் முதல் பெரிய முயற்சி ஒரு கல்யாணப் பந்தியைப் பற்றிய குறும்படம். மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஓட வேண்டும். பெண் வீட்டு மாமா ஒருவர் பிரியாணியில் வரும் நல்லி எலும்புக்காகக் காத்திருக்கிறார். பரிமாறுபவர் கரண்டியைச் சாய்க்கும்போது நல்லி வழுக்கிப் பக்கத்து இலையில், ஒரு சிறுவன் முன்னால் போய் விழுகிறது. மாமா தன் இலையைப் பார்க்கிறார், சிறுவனின் இலையைப் பார்க்கிறார், பிறகு “சாப்டு கண்ணு, நல்லா சாப்டு” என்கிறார். படம் முழுவதும் அந்த ஒரு வரியை நோக்கித்தான் நகர்ந்தது.

வசனங்களை எழுத்துத் தமிழில் எழுதி, மனத்துக்குள் வாசித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டேன். அதில் இரண்டு பிழைகள் சேர்ந்தே நிகழ்ந்தன. “என்ன செய்துகொண்டிருக்கிறாய்” என்று சொல்ல வாய் ஒன்பது முறை அசைய வேண்டும். எங்கள் ஊரில் “இன்னா பண்ற” என்று நான்கு அசைவில் கேட்டுவிடுவார்கள். ஆகவே பேச்சுக்கு நான் ஒதுக்கிய நேரம் எல்லா இடத்திலும் மிகையாக இருந்தது. மனத்துக்குள் வாசிப்பவர் மௌனத்தை வாசிப்பதில்லை என்பதால், மௌனத்துக்கு நான் ஒதுக்கிய நேரம் எல்லா இடத்திலும் குறைவாக இருந்தது.

இந்தக் கணக்குகளை நம்பி ஏழு வாரம் வரைந்தேன். திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும்; ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம். முழு அசைவுள்ள ஒரு நிமிடத்துக்கு 720 படம் வேண்டும். வண்ணம் தீட்டுவதற்கு நண்பர் ஒருவரை அமர்த்தி, 18,000 ரூபாய் பேசி, முழுவதையும் கொடுத்தும் விட்டேன். அதன் பிறகே மாமாவுக்குக் குரல் கொடுக்க, செய்யாற்றுப் பக்கத்திலிருந்து கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்துவந்தேன். கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவைக்கும் கட்டியக்காரன் வேடம் கட்டிப் பழகியவர் அவர்.

நல்லி விழும் இடம் வந்தது. வாத்தியார் உடனே பேசவில்லை. மூக்கால் மெதுவாக மூச்சை விட்டார். நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும் மெல்லிய ஓசை மைக்கில் கேட்டது. அந்த இரண்டு விநாடிக்குள் ஒலிப்பதிவுக்கு உதவ வந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அதன் பிறகே “சாப்டு கண்ணு” வந்தது. இரண்டு விநாடி என்பது 48 ஃப்ரேம். பார்வைக்கும் பேச்சுக்கும் நடுவில் நான் வரைந்து வைத்திருந்தது 10 ஃப்ரேம்.

முதலில் மௌனத்தை வெட்டிப் பார்த்தேன். மாமாவின் ஏமாற்றம் போய், யாரோ ஒருவர் சிறுவனைச் சாப்பிடச் சொல்லும் சாதாரண வாக்கியம் மிஞ்சியது. பிறகு இரண்டு ஃப்ரேமுக்கு ஒன்றாக இருந்த படங்களை ஆறு ஃப்ரேம் வரை இழுத்தேன். சிறுவனின் கை வெட்டி வெட்டி நகர்ந்தது. நடுவில் ஒரு படத்தை மட்டும் அசையாமல் நிறுத்தியபோது, பரிமாறுபவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். அந்தச் சட்டகத்தில் சிறுவன், வாளி, ஆவி, பின்னால் நடக்கும் பெண்மணி என்று எல்லாமே ஒன்றோடொன்று நேரம் கோக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் 38 ஃப்ரேம் சேர்த்தால் மற்ற நான்கையும் மீண்டும் வரைய வேண்டும். பதினான்கு காட்சிகளில் ஒன்பதை முதலிலிருந்து வரைந்தேன். நண்பர் செய்த வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார் என்பதால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை. தீபாவளிக்கு வர வேண்டிய படம் பொங்கல் கழிந்துதான் வெளியானது.

இன்றும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சோம்பல்பட்டவன் இதில் மாட்டுவதில்லை. வரைவதை உயிராக நினைப்பவனே, உட்கார்ந்தவுடன் பேனாவை எடுத்துவிடுவதால் மாட்டிக்கொள்கிறான். அவனுடைய நான்கு மாதம் வீணாவதைப் பார்த்துக்கொண்டு “நன்றாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை.

இப்போது நான் வேறு வரிசையில் வேலை செய்கிறேன். வசனத்தைப் பேசும் தமிழிலேயே எழுதி, எழுந்து நின்று உரக்கப் பேசி, கைப்பேசியில் பதிந்து கேட்கிறேன். சரியாக வந்த பிறகு நடிகர்களை ஒரே அறையில் அமர்த்திப் பதிவு செய்கிறேன். தனித்தனியாகப் பதிந்தால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடும் வேகம் கிடைக்காது. ஒலியை மட்டும் தொகுத்து, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்பேன். படமில்லாமலே சிரிப்பு வந்தால் அந்த வரி தேறிவிட்டது. படத்தை நம்பியிருக்கும் வேடிக்கை என்றால் அதற்கான மௌனம் ஒலித்தடத்தில் அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு காட்சிகளை வரிசையாகக் காட்டும் ஸ்டோரிபோர்டின் கோட்டுச் சித்திரங்களை அந்த ஒலியின் மேல் அடுக்கி அனிமேட்டிக் செய்து, கதை தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் சிரிக்கும் இடத்துக்குப் பின் அடுத்த முக்கியமான சொல் வருவதற்குக் குறைந்தது 20 ஃப்ரேமாவது விடுகிறேன். மேடையில் கட்டியக்காரன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைச் சொல்ல முடியும். நம் படத்துக்குப் பார்வையாளர் எதிரில் இல்லாததால் அந்தக் காத்திருப்பை முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகே முதல் கீ ஃப்ரேமை, அதாவது அசைவின் முக்கிய நிலையைக் காட்டும் படத்தை, வரைகிறேன். நான்கு நிமிடப் படத்துக்கு இந்த வேலை மூன்று வாரம் எடுக்கும்.

வேலூரில் ஒலிப்பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால், நடிகர் எப்படியாவது முடித்துவிட்டு வெளியே போக நினைப்பார். எல்லா மௌனங்களும் சுருங்கிவிடும். முடிந்தவரை மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பதிவு செய்யுங்கள். காட்பாடி சந்திப்பை ஒட்டிய வீடாக இருந்தால் ரயில் வரும் நேரங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதாபாத்திரங்களையும் ஒரே தமிழில் பேச வைப்பது

புதியவர்களின் படங்களில் வேலூர் ஆட்டோக்காரரும் சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழ் பேசுகிறார். “கீது”, “வந்துகினு” என்று நம் வீட்டில் புழங்கும் சொற்களுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பங்களையும், குடியாத்தத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களையும் படத்தில் கொண்டுவரும்போது, அந்த வீட்டில் வளர்ந்த ஒருவரையே பேச வையுங்கள். அவர்களுடைய உச்சரிப்பையே வேடிக்கையாக ஆக்காதீர்கள். நல்லிக்காக ஏங்கும் மனிதர் எந்த மொழி பேசினாலும் சிரிப்பு வரும்.

ஆங்கில வாய் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வது

இணையத்தில் கிடைக்கும் வாய் வடிவ அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்காக வரையப்பட்டவை. பல்லிடையில் நாக்கை நீட்டும் வடிவம் தமிழ்ப் பேச்சுக்கு அநேகமாகத் தேவைப்படாது. ழகரமும் ளகரமும் வாய்க்குள்ளேயே நடந்து முடிவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பகரத்திலும் மகரத்திலும் உதடு மூடியே ஆக வேண்டும். “அம்மா” என்ற சொல்லில் உதடு மூடவில்லை என்றால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வாய் வடிவத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னதாக வைத்தால் பேச்சு ஒட்டி நிற்கும்.

பின்னணியில் எல்லாவற்றையும் வரைவது

ஒரு படத்தில் வேலூர்க் கோட்டை மதிலின் கல் ஒவ்வொன்றையும், அகழித் தண்ணீரின் நெளிவையும் ஒன்பது நாள் வரைந்தேன். பார்த்தவர்கள் கோட்டையைப் பாராட்டினார்கள். அதன் முன்னால் வழுக்கி விழுந்த சுண்டல்காரரை ஒருவரும் கவனிக்கவில்லை. சிரிப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி வெற்றிடம் விடுங்கள்.

திரைப்பாட்டைப் பின்னணி இசையாகப் போடுவது

போடாதீர்கள், யூடியூப் கண்டுபிடித்தால் படத்தின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம்.

குரல் கொடுத்தவரோடு தொகையைப் பேசாமல் விடுவது

பதிவுக்கு முன்பே பேசி, பதிவு முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.