கல்யாணம் ஆகாத அப்பாவா? குழந்தை தத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

தம்பி, சட்டம் உங்களை எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கணவன் மனைவியின் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தை என்றால், 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள்படி தாய் மட்டும்தான் ஒப்படைக்க முடியும். உங்களைக் கேட்க மாட்டார்கள், நோட்டீஸும் வராது. கைவிடப்பட்ட குழந்தைக்கு நாளிதழில் படத்தோடு விளம்பரம் கொடுப்பார்கள். தாய் ஒப்படைத்த குழந்தைக்கு அதுவும் கிடையாது. அதனால் நீங்களாகப் போய்ச் சொன்னால் ஒழிய, அந்தக் கோப்பில் அப்பா என்று ஒருவர் இருக்கமாட்டார்.

இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனல் வக்கீலாக நான் பார்த்தவரை, இந்தப் பையன்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. யாரிடம் போவது என்று தெரியாமல் நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

உங்களுக்கு இருப்பது 60 நாள். ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்தான பிறகு, மனதை மாற்றிக்கொள்ள சட்டம் தாய்க்குத் தரும் அவகாசம் அது. அது முடிந்தபின்தான், இந்தக் குழந்தைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழு, குழந்தையைத் தத்துக்குக் கொடுக்கலாம் என்று அறிவிக்கும். அவகாசம் அந்தப் பெண்ணுடையது. ஆனாலும் உங்கள் மனு அதற்குள் குழுவின் கைக்குப் போயாக வேண்டும்.

எந்தக் குழு? பல பெண்கள் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வேறு மாவட்டத்தில் போய்ப் பிரசவிக்கிறார்கள். எனவே குழந்தை பிறந்த மாவட்டம், அவர் சொந்த மாவட்டம் இரண்டின் குழுக்களுக்கும் மனு கொடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் ஒரு நகல் கொடுங்கள். நேரில் கொடுத்தால் முத்திரை வைத்த நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலில் என்றால், பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்.

மனு ஒரு பக்கம் போதும். நான்தான் தந்தை, டிஎன்ஏ சோதனைக்குச் சம்மதிக்கிறேன், என்னை விசாரிக்காமல் தத்துக்கான உத்தரவு போட வேண்டாம், குழந்தையை வளர்க்கத் தயாராக இருக்கிறேன். இந்த நான்கும் தெளிவாக இருக்கட்டும். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை கூட வேண்டாம். கோபத்தில் எழுதிய மனு குழுவின் முன்னால் உங்களையே கவிழ்த்துவிடும்.

இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் அதற்கான ஆதாரம்தான் உங்கள் பெரிய பலம். வாடகை ஒப்பந்தம், ஸ்கேன் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஜிபேயில் அனுப்பிய பணம், வாட்ஸ்அப் செய்திகள், கர்ப்ப கால அட்டையில் உங்கள் பெயர், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். காரணம் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. சேர்ந்து வாழ்ந்த ஜோடி, பிரிந்திருந்த நேரத்தில் தாய் குழந்தையை ஒப்படைத்துவிட்டார், குழந்தை தத்துக்கும் போய்விட்டது. சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பிறந்த குழந்தையை, ஒப்படைப்பைப் பொறுத்தவரை, திருமணமான தம்பதியின் குழந்தையாகவே கருத வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். தந்தையை விட்டுவிட்டு நடந்த நடைமுறை செல்லாது என்றார்கள். தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்தில் எடுத்து வைக்கலாம், நான் வைப்பேன்.

அந்தப் பெண்ணிடம் பேச முடிந்தால் பேசுங்கள், ஒரே ஒரு முறை, பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு. அவர் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டு வாசலில் போய் நிற்பது, போனில் மிரட்டுவது, குழந்தையின் படத்தை ஃபேஸ்புக்கில் போடுவது எல்லாம் தனித்தனிக் குற்றங்களாகும். ஒன்பது மாதம் சுமந்து, தனியாக முடிவெடுக்க வேண்டிய நிலையில் அவர் இருந்திருக்கிறார். அந்த மரியாதை அவருக்கு உண்டு.

அவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால், மனு எழுதுமுன் வக்கீலைப் பாருங்கள். சம்மதத்தோடு நடந்தது என்றாலும், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அதை ஏற்காது. தந்தை நான்தான் என்று எழுதித் தருவதே உங்கள் மீதான வழக்கில் சாட்சியமாகிவிடும்.

குழு உங்களை அழைத்தால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் பகலில் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். பார்க்கப் போகிறவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பதிலுக்குத் தனி எடை. வீட்டுக்கும் ஆள் வந்து பார்ப்பார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமான வரம்புக்குள் இருந்தாலோ, பட்டியல் சாதி, பழங்குடியினராக இருந்தாலோ இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள்.

தத்துக்குக் கொடுக்கலாம் என்று குழு உத்தரவு போட்டுவிட்டால், 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அடுத்த கட்டம் மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவு. 2022 செப்டம்பரிலிருந்து அதைப் பிறப்பிப்பவர் அவர்தான். அதுவும் வந்துவிட்டால் போராட்டம் மிகக் கடினம் என்பதை மறைக்கமாட்டேன். அதற்குள் குழந்தை இன்னொரு அம்மா அப்பாவை அறிந்திருக்கும், நீதிமன்றம் அதன் நலனைத்தான் முதலில் பார்க்கும். அந்தக் கட்டத்தில் வருபவரிடம் நான் கேட்பது மூன்று தேதிகள்: குழந்தை பிறந்தது, ஒப்படைத்தது, நீங்கள் முதல் மனு கொடுத்தது. வரும்போது எழுதிக்கொண்டு வாருங்கள்.