குழந்தைகளுக்கு இசைப்பெட்டி செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் காட்பாடியில் நாலு கல்லூரிப் பசங்க ஒரு பியானோவைக் காட்டினார்கள். ஏழு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர், தொட்டால் லேப்டாப் விசையை அமுக்கியது போல் ஆக்குகிற மேக்கி மேக்கி போர்டு, லேப்டாப், பக்கத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கரைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. ஒயர் கழல்வது, பேட்டரி தீர்வதெல்லாம் நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள், அதை விடுங்கள்.

சத்தம் தாமதமாக வருவது

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மிஞ்சிய துண்டுத் தோலை வாங்கி, அடியில் அதிர்வை மின்சாரமாக்குகிற பியசோ தகடு ஒட்டி, தட்டினால் லேப்டாப் வழியாகப் புளூடூத் ஸ்பீக்கரில் ஒலிக்கிற எட்டு மேளங்கள் செய்து குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் வைத்தேன். அரை மணி நேரத்தில் மூன்று தகடு காலி. பசங்க முரடு என்று நினைத்து ஸ்பாஞ்சைத் தடிமனாக்கினேன், இன்னும் ஓங்கி அடித்தார்கள். சட்டத்தையே மாற்றினேன், அதுவும் போச்சு. மொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய். கடைசியில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அப்பாவோடு பம்பை அடிக்கப் போகிற ஒரு பையன்தான் சொன்னான்: "கை முன்னாடி பூடுது சார், சத்தம் பின்னாடி வருது."

புளூடூத் ஸ்பீக்கர் ஒலியைச் சுருக்கி வாங்கி, விரித்து, அப்புறம்தான் ஒலிக்கும். 100, 200 மில்லி செகண்ட் சர்வ சாதாரணம். 200 மில்லி செகண்டில் சத்தம் காற்றில் கிட்டத்தட்ட 70 மீட்டர் போய்விடும், அதாவது குச்சி உங்கள் கையில், பம்பை தெருமுனையில். அடித்தது கேட்கவில்லை என்றால் குழந்தை என்ன செய்யும்? இன்னும் பலமாக அடிக்கும். 150 ரூபாய் ஒயரில் சாதாரண ஸ்பீக்கரை மாட்டியதும் தகடு உடைவது நின்றது. மென்பொருளில் பஃபர் அளவையும், அதாவது ஒரு தடவைக்கு எத்தனை ஒலித் துணுக்கைச் சேர்த்து அனுப்புகிறது என்பதையும் பாருங்கள்: நொடிக்கு 44,100 துணுக்கு என்ற வேகத்தில் 1024 வைத்தால் 23 மில்லி செகண்ட் தாமதம், 128 வைத்தால் மூன்றுகூட இல்லை.

இதைச் சொன்னால் அந்த நாலு பேரும், "கொஞ்சம்தானே சார் லேட்டு" என்கிறார்கள்.

பன்னிரண்டு ஸ்வரமும் வைப்பது

முதலில் மோகன ராகம் போதும். ச ரி க ப த, ஐந்தில் எதை எதோடு சேர்த்து அமுக்கினாலும் காது கூசாது.

வெயிலை மறப்பது

ஏசி அறையில் சரிபார்த்த தொடு சென்சார், மே மாத மதியம் வேலூர் வகுப்பறையில், வியர்த்த கை பட்ட ஈரத்தில் தானாகவே பாட ஆரம்பிக்கும். எவ்வளவு தொட்டால் ஒலிக்க வேண்டும் என்ற அளவை அங்கேயே, அந்த நேரத்திலேயே வையுங்கள்.

திரை

வேண்டாம். எல்லார் கண்ணும் அங்கே போய்விடும்.

வால்யூம் திருகு

பசங்க கைக்கு எட்டாத இடத்தில். நான் முன்பக்கமே வைத்தேன்; பக்கத்து வகுப்பு டீச்சர் ஸ்கேலோடு வந்துவிட்டார்.