ஆர்எக்ஸ் 100: 2டி ஆயில் டேங்க்கில் படிந்த கசடை எடுப்பது எப்படி?

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996லேயே நின்றுவிட்டது. வண்டி இன்னும் நிற்கவில்லை. இது டூ ஸ்ட்ரோக் பைக்; இன்ஜினுக்கு வேண்டிய 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோல் டேங்க் அல்லாத தனி டேங்க்கிலிருந்து ஒரு பம்ப் எடுத்துக் கொடுக்கும். ஆனால் பல வண்டிகளில் ஆயில் பம்ப்பைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, 2டி ஆயிலை நேராகப் பெட்ரோலில் கலந்து ஓட்டுகிறார்கள். "பம்ப்பை நம்பாதீங்க தம்பி, ஒருநாள் பிஸ்டன் ஜாம் ஆயிடும்" என்பார் மெக்கானிக். நான் பார்த்தவரை பம்ப் மேல் தப்பு குறைவு. டேங்க்கின் அடியில் சேர்ந்த கசடு குழாயை அடைத்துவிடுகிறது, பழி பம்ப்புக்குப் போகிறது.

விளக்கெண்ணெய் கலந்த ஆயிலின் மேல் சாதாரண 2டி ஆயிலை ஊற்றினால் இரண்டும் சேராமல் கூழ் மாதிரி திரளும். மூடி வழியாக ஈரமும் தூசியும் இறங்கும். வண்டி வருடக்கணக்கில் நின்றிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சைடு கவரைக் கழற்றுங்கள். குழாயை டேங்க் பக்கமே உருவி, பழைய ஆயிலை ஒரு டப்பாவில் பிடியுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய ஆயில் வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டேங்க்கைத் தனியே எடுத்துவிடுங்கள். வண்டியில் வைத்தபடியே கழுவினால் கசடு நேராகப் பம்ப்புக்குத்தான் போகும்.

கழுவ மண்ணெண்ணெய் நல்லது, ஆனால் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. டீசல் போதும். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். பாதி டேங்க் டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் குழந்தைகளின் பால் புட்டி கழுவும் பிரஷ்ஷால் தேயுங்கள். மூலைகளில் கரும்பழுப்பாகப் பசை ஒட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஆயில் வெளியேறும் வாயில் சின்ன வலை இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். வடியும் டீசல் தெளிவாக வரும்வரை அலசி, கவிழ்த்துக் காயவைத்து, கடைசியாகக் கொஞ்சம் புது 2டி ஆயிலை விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள். சோப்புத் தண்ணீர் பக்கமே நான் போவதில்லை.

குழாயை மாற்றிவிடுங்கள். பழசு விறைத்துப்போய், மாட்டினாலும் காற்று இழுக்கும். கறுப்பைவிட ஒளி ஊடுருவும் குழாய்தான் என் தேர்வு. சீக்கிரம் மஞ்சளாகும், பரவாயில்லை. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். குழாயில் காற்று நின்றால் டேங்க் நிறைய ஆயில் இருந்தும் இன்ஜினுக்கு ஒரு சொட்டு போகாது. முதலில் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்துவிடுங்கள்; இது காப்பீடு. டேங்க்கை மாட்டி ஆயில் நிரப்புங்கள். பம்ப்பின் காற்று நீக்கும் ஸ்குரூவைக் கழற்றினால் ஆயில் மெதுவாகக் கசியும். முதலில் நுரையாக வரும், அப்புறம் இடையிடையே ஒரு குமிழி, பிறகு சுத்தமான ஆயில். குமிழி நின்றுவிட்டது என்று உடனே மூடாதீர்கள். குழாய் எங்காவது மேலே வளைந்திருந்தால் அந்த வளைவின் உச்சியில் ஒரு பெரிய குமிழி ஒளிந்திருக்கும். விரலால் சுண்டிச் சுண்டி அதை நகர்த்துங்கள். ஸ்குரூவை மூடும்போது அதன் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். அது பொட்டு அளவுதான், கீழே விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுதாக இழுத்துப் பிடியுங்கள். கார்புரேட்டர் பக்கம் போகும் மெல்லிய குழாயில் மிச்சக் காற்றும் வெளியேறும். சைலன்சர் தெருவையே புகையாக்கும், எனவே வீட்டு வாசலில் வேண்டாம்.

பின்சேர்க்கை: டேங்க்குக்குள் நட்டு, சரளைக்கல் போட்டுக் குலுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரும்பு பெட்ரோல் டேங்க்கில் துரு எடுக்க அது சரி. இங்கே வேண்டாம், ஒரு பொடிக்கல் உள்ளே தங்கினாலும் அடுத்த அடைப்பு அதுதான். "பம்ப் வேலை செய்கிறதென்று எப்படி உறுதி செய்வது?" என்று இன்னொருவர் கேட்டார். ஆயில் மட்டத்தை டேங்க்கின் மேல் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கும்வரை பெட்ரோலில் ஆயில் கலப்பதை நிறுத்தாதீர்கள்.