காவிரிச் செய்தியில் எந்தக் கணக்கை நம்புவது?

மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்கினாலே இரண்டு மாநிலத்திலும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் பறக்க ஆரம்பித்துவிடும். அவற்றுக்கு நடுவில் உண்மையைத் தேட நான் செய்வது இதுதான்.

1. கேள்வியைச் சுருக்குங்கள். ‘யார் பக்கம் நியாயம்?’ என்று தேடினால் ஆளுக்கொரு பதில் வரும். ‘சாதாரண ஆண்டில், ஜூலையில் பிலிகுண்டுலுவுக்கு (மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடம்) எவ்வளவு வரவேண்டும்?’ என்று தேடினால் ஒரே பதில், 31.24 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி).

2. மூல ஆவணத்துக்குப் போங்கள். 2007 நடுவர் மன்றத் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்த இரண்டு பி.டி.எஃப் போதும். கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். விக்கிபீடியாவில் எனக்குப் பிடித்தது அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியல்தான். யூடியூப் விவாதங்களை நான் தொடுவதே இல்லை.

3. எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். நான் நெடுநேரம் முட்டிக்கொண்டு நின்ற இடம் இது. ஒரு கட்டுரை தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. என்று சொல்லும், இன்னொன்று 177.25 என்று சொல்லும். இரண்டும் சரி! கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தரவேண்டியது 177.25, அதற்குக் கீழே பவானி, அமராவதி என்று நம் பக்கம் கிடைப்பதையும் சேர்த்த மொத்தப் பங்கு 404.25. 2007-இல் இவையே 192, 419. குறைந்த 14.75-இல் 10 நம் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால், 4.75 பெங்களூரு குடிநீருக்காக. இந்தக் காரணங்களைச் சொல்லாமல் ‘பறித்துவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதும் தமிழ்க் கட்டுரையை நான் மூடிவிடுவேன். பற்றாக்குறை ஆண்டில் எல்லாருடைய பங்கும் ஒரே விகிதத்தில் குறையும் என்பதைச் சொல்லாத பெங்களூருக் கட்டுரைக்கும் அதே கதிதான்.

4. எதிர்த்தரப்பைப் படியுங்கள். தி இந்துவோடு பெங்களூருவின் டெக்கான் ஹெரால்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 1892, 1924 ஒப்பந்தங்கள் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே ஆனவை, அவற்றில் தங்களுக்கு அநியாயம் நடந்தது என்பது கர்நாடகத்தாரின் வாதம். டெல்டாவின் பழைய பாசன உரிமையைப் பேசும் நாம் இதையும் அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

பின்சேர்க்கை: கன அடியையும் டி.எம்.சி.யையும் எப்படி ஒப்பிடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. அப்படியானால் 2023 செப்டம்பரில் 15 நாளைக்கு உத்தரவான வினாடிக்கு 5,000 கன அடி மொத்தம் சுமார் 6.5 டி.எம்.சி. தலைப்பில் 5,000 என்று பார்த்ததும் மலைக்காமல், எத்தனை நாளைக்கு என்று தேடி, பெருக்கிப் பாருங்கள்.